கல்லில் முதலில் ஜெனரல்

காலை ஏழு மணி இருக்கும். முற்றத்துத் தகர அடுப்பில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் எங்கள் ஊரில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அந்த வாசனைதான். கைபேசி அடித்தது. அண்ணி விதோசவா.

"ரூஷா, உங்கண்ணன் போயிட்டாரு."

அடுப்பில் இருந்த மிளகாயைத் திருப்பிப் போட்டேன்.

"காபி கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. காபியை நானே குடிச்சிட்டேன், வீணாப் போவானேன்னு. அடுப்புல என்ன வச்சிருக்க?"

"மிளகா, அண்ணி."

"பாதியில போட்டுட்டு ஓடி வராத. சுட்டு முடிச்சுட்டு வா. அவரு இனிமே எங்கயும் போகப்போறதில்ல." பிறகு கேட்டாள்: "ஜெனரலாத்தான செத்தாரு?"

"ஆமா அண்ணி. ஜெனரலாத்தான்."

"அது போதும்" என்று வைத்துவிட்டாள்.

தெரியாதவர்கள் கேட்டால் பதவிப் பித்துப் பிடித்த குடும்பம் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. ஒப்ராத் தனாஸ்கோவிச், என் அண்ணன், ஜெனரல் ஆகியே தீரவேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொண்டவன். அவனுக்கு இருபத்தாறு வயது நடக்கும்போதே, அவனை ஜெனரல் என்று கல்லறைக் கல்லில் செதுக்கிவிட்டார்கள்.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்ததே ஒரு கோட்டுக்காகத்தான். யாசிகோவோ என்ற எங்கள் மலைக் கிராமத்தில், வீட்டில் அப்பாவுக்கும் அவனுக்கும் சேர்த்துக் குளிர்காலத்துக்கு ஒரே கோட்டு. அப்பா ஆட்டுப் பட்டிக்குப் போய்த் திரும்பினால்தான் அண்ணன் பள்ளிக்கூடம் போக முடியும். ராணுவப் பள்ளியில் ஆளுக்கொரு கோட்டு கொடுக்கிறார்கள், அதுவும் காலர் வைத்தது என்று யாரோ சொன்னதும் கிளம்பிவிட்டான். வீரம், தேசம் என்றெல்லாம் அவன் ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. அதிகாரியான பிறகும் சப்ளைப் பிரிவைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். பீன்ஸ், போர்வை, காலுறை. பீரங்கி அணிவகுத்துப் போனால் திரும்பிப் பார்க்கமாட்டான். பீன்ஸ் மூட்டையைப் பார்த்தால் ஒரு கை அள்ளி மோந்து பார்க்காமல் நகரமாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அப்பா தவறிப்போனார். எங்கள் பக்கத்தில் போனவருக்கு மட்டும் கல் வைப்பதில்லை; இருப்பவர்களுக்கும் சேர்த்தே வைத்துவிடுவோம். முகம், பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு காலி இடம். ஞாயிற்றுக்கிழமை தன் காலி இடத்துக்கு முன்னால் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுவதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. அம்மாவுக்கு இருந்த ஒரே குறை, தன் தலைமுண்டின் முடிச்சு கல்லில் சரியாக விழவில்லை என்பதுதான். அகலமான ஒரே கறுப்புப் பலகை: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. என் முகம் அதில் இல்லை. பெண் பிள்ளைகள் புகுந்த வீட்டுக் கல்லுக்குப் போகிறவர்கள்.

அண்ணனுக்கு அப்போது போர்ப் பயிற்சி, விடுப்புக் கிடைக்கவில்லை. அண்ணி கல்யாணமாகி வந்த புதிது. அவள்தான் கல்தச்சன் மிலுனிடம் போனாள், நானும் கூடப் போனேன். மிலுனும் அப்போது சின்ன வயசுக்காரன்தான். காதில் பென்சில் செருகியிருந்தான்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பதவி என்னன்னு போடறது? கேப்டன்னா?"

"கேப்டன்னு போட்டா, நாளைக்கு மேஜர் ஆயிட்டாருன்னா?"

"ஒண்ணும் பண்ண முடியாது. கல்லுல சேக்கலாம், அழிக்க முடியாது. பள்ளம் விழுந்துடும்."

"சரி, இதை எப்பப் படிப்பாங்க?"

"அவரு செத்தப்புறம்."

"சாகும்போது கேப்டனாவா இருப்பாரு?"

மிலுன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து யோசித்தான். "இருந்தா நல்லா இருக்காது."

"அப்ப கடைசியில எதுவா இருப்பாரோ அதையே போட்டுடு. பட்டாளத்துல கடைசி எது?"

"ஜெனரல்."

"அதான்."

நான் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணி, எல்லாரும் ஜெனரல் ஆகறதில்லையே."

"நான் எல்லாருக்குமா கல்லு செய்யச் சொன்னேன்?"

நாங்கள் கொண்டுபோன புகைப்படத்தில் இருந்தது கேப்டனின் தோள்பட்டைச் சின்னம். மிலுன் பழைய செய்தித்தாள் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் இருந்த ஜெனரலின் தோளைப் பார்த்துச் சரிகைப் பின்னலைச் சேர்த்தான். தொப்பியில் இருந்த ஐந்துமுனை நட்சத்திரத்தை மட்டும் உள்ளபடியே செதுக்கினான். அதில் அவனுக்குத் தனிப் பெருமை. ஐந்து முனையும் ஊசி மாதிரி இருக்கும்.

ஓராண்டு நினைவு நாளில் கல்லைத் திறந்தோம். கல்லறைமேல் துணி விரித்து, சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை, சுட்ட ஆட்டுக்கறி, பிளம்ஸ் சாராயம் எல்லாம் வைத்தாயிற்று. அண்ணன் வந்திருந்தான். அவன்மேல் மரியாதை வைத்து அவனுடைய கர்னலும் வந்திருந்தார். கூடவே வெலிமிர் என்று மீசை முளைக்காத லெப்டினன்ட் ஒருவன். பாதிரியார் ஓதி முடித்தார். மிலுன் துணியை இழுத்தான்.

முதலில் அசைந்தது வெலிமிர்தான். கல்லில் ஜெனரல் என்று படித்தவன், குதிகால் இரண்டையும் படாரென்று சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

அண்ணன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "யாரு இது?"

"நீங்கதான்" என்றாள் அண்ணி.

"நான் கேப்டன்."

"இப்ப."

அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. பெரியப்பா கோதுமையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கத்தினார்: "ஜெனரல் ஐயா, அந்த உப்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க!" கர்னல் மட்டும் சிரிக்கவில்லை. சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தோழர் கேப்டன், திங்கக்கிழமை காலையில என்னை வந்து பாருங்க. வரும்போது நீங்க யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

திங்கட்கிழமை மூன்று அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து விசாரித்தார்கள். அண்ணன் அதை நடித்துக் காட்டும்போதெல்லாம் மூன்று குரலிலும் பேசுவான்.

"உங்களுக்கு நீங்களே பதவி குடுத்துக்கிட்டீங்களா?"

"இல்ல தோழரே. என் பொண்டாட்டி குடுத்தா."

"நீங்க தடுக்கலையா?"

"நான் மலையில பீன்ஸ் வினியோகம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"இந்தப் பதவி எப்போலேருந்து அமுலுக்கு வருது?"

"நான் செத்த தேதியிலேருந்து. தேதி இன்னும் போடலை."

சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டியும், உடுப்பில் அணியாத பதவிக்கு எந்தத் தண்டனையும் அகப்படவில்லை. கல்லை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். எடுக்கப் போனால், அது ஒரே பலகை. அண்ணனை உடைத்தால் அப்பாவும் உடைவார். அம்மா மண்வெட்டியோடு கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ராணுவம் பின்வாங்கியது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் வீட்டில் மணி மட்டும் வந்து தொங்கியது; யானையைக் காணோம். கேம்ப் கேம்ப்பாகக் கதை பரவியது. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் பெட்டி இறங்குவதற்கு முன்பே பெயர் இறங்கியிருக்கும்: கல் ஜெனரல். அண்ணன் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் சுபாவம் வேறு. ஒரு காலுறை குறைந்தாலும் தூங்காதவன். ஒருநாள் என்னிடம் சொன்னான்:

"ரூஷா, உசிரோட இருக்கற வரைக்கும் அது கேலி. நான் செத்துட்டா அது பொய். பொய்க்கடியில என்னால படுக்க முடியாது."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"என்ன பண்றது? ஆகித்தான் தொலைக்கணும்."

இப்படித்தான் ஆசையே இல்லாத ஒரு மனிதனுடைய ராணுவ வாழ்க்கை மேல்நோக்கிக் கிளம்பியது. யாரும் போகாத பயிற்சிக்கெல்லாம் பெயர் கொடுத்தான். பனி விழும் எல்லைச் சாவடியிலிருந்து கொசு கடிக்கும் ஆற்றங்கரை வரை, எவனும் வேண்டாம் என்ற இடத்துக்கெல்லாம் போனான். அண்ணி கூடவே போனாள், முட்டைக்கோஸ் பீப்பாயோடு. எங்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் முட்டைக்கோஸை உப்புநீரில் ஊறப்போட்டால்தான் குளிர்காலம் ஓடும். மாற்றல் உத்தரவு வருவதோ சரியாக அது பாதி புளித்திருக்கும்போது. ஒருமுறை ராணுவ லாரியில் அந்தப் பீப்பாய் கவிழ்ந்து, மறுநாள் அதே லாரியில் ஏறி உட்கார்ந்த படைத்தளபதி, யார் வீட்டில் என்ன செத்தது என்று விசாரணைக்கு உத்தரவிட்டார். அண்ணன் மேஜர் ஆவது அந்த நாற்றத்தால் ஒரு வருடம் தள்ளிப்போனது என்று அண்ணி சத்தியம் செய்வாள்.

சோதனைக்கு வரும் பெரிய அதிகாரிகள் கிடங்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைப் பார்ப்பார்கள். "ஓ, நீங்கதானா அது? இன்னும் உசிரோடதான் இருக்கீங்களா?" பிறகு கிடங்குக்குள் போய், ஒரு மூட்டையிலும் வண்டு இல்லாததைப் பார்த்துச் சும்மா திரும்புவார்கள். மேஜர் ஆனான். லெப்டினன்ட் கர்னல் ஆனான். ஒவ்வொரு முறையும் ஊருக்கு வந்து கல்லுக்கு முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் தூரம்" என்பான். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வணக்கம் வைப்பார்கள். ஊர் வாயை மூட எந்த உலைமூடியும் போதாது.

தொண்ணூற்றொன்று வந்தது, நாடு உடைந்து போர் மூண்ட வருடம். அந்த வருடத்தைப் பற்றி எங்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை. இலையுதிர் காலம், ஒரு படை முழுக்கப் பையன்களை லாரியில் ஏற்றி எல்லைக்கு அனுப்பச் சொன்னார்கள். மழை. பாதிப் பேர் காலில் கேன்வாஸ் செருப்பு. பூட்ஸ் வந்து சேர்ந்துவிட்டது என்று அண்ணன் மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் லாரி கிளம்பும். சொல்பவனுக்கு டிசம்பரில், ராணுவ நாளன்று, நல்ல சேதி வரும் என்றும் ஜாடையாகச் சொன்னார்கள். அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "பூட்ஸ் வரல." மறுபடி கேட்டார்கள். "வரல." லாரி இரண்டு நாள் நின்றது. பூட்ஸ் வந்த பிறகுதான் போனது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே நடந்ததை அண்ணியிடம் சொன்னானாம்.

"அப்ப கல்லு?" என்று கேட்டாள் அண்ணி.

"கல்லுக்கு என்ன அவசரம்? அது எங்க போகப்போவுது?"

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அவனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. காலி கிடங்குகளுக்குக் காவல் போட்டார்கள். நாடு சுருங்கியது, பெயர் மாறியது, மறுபடி பெயர் மாறியது. உடுப்பு மாறியது. எப்படியோ கர்னல் வரைக்கும் ஊர்ந்து வந்து நின்றுவிட்டான். இரண்டாயிரத்து ஆறு கோடையில் ஓய்வு. நாடு திரும்பவும் பெயர் மாற்றிக்கொண்ட கோடை அது. ஓய்வுக்கு ஒரு வாரம் முன்னால் யாசிகோவோவுக்கு வந்தான். நானும் இருந்தேன். மிலுனைக் கூப்பிட்டு, "அந்த வார்த்தையைச் சுரண்டிடு" என்றான்.

மிலுனுக்கு அதற்குள் முதுகு கூன்போட்டுவிட்டது. பழக்கமும் முற்றிவிட்டது. "நான் அன்னிக்கே உங்க வீட்டம்மாகிட்டச் சொன்னேன். அழிச்சா பள்ளம் விழும்டா. 'ஜெனரல்'னு எழுதியிருந்தா படிக்கறவன் ஒரு தடவை சிரிப்பான். பள்ளத்தைப் பாத்தா, இங்க என்ன இருந்துச்சுன்னு ஊரு பூரா கேக்கும்."

"கேக்கட்டும்."

"விதோசவா என்ன சொல்றாங்க?"

அண்ணி காய்ந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இன்னும் ஒரு வாரம் இருக்கில்ல? அதுக்குள்ள உளியை எதுக்கு எடுக்கணும்?"

"விதா, போதும்" என்றான் அண்ணன். அவன் அவளிடம் குரல் உடைந்து பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "ஒரு வார்த்தைக்காக முப்பது வருஷம் ஓடிட்டேன். எட்டல. விடு."

அண்ணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். மிலுனையும் கூப்பிட்டுக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டோம்.

தொலைபேசி வியாழக்கிழமை வந்தது, பெல்கிரேடிலிருந்து. அண்ணிதான் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கர்னல் தனாஸ்கோவிச் இருக்காரா? நான் ஜெனரல் வெலிமிர் பேசறேன். ஞாபகம் இருக்கா? உங்க கல்லுக்கு சல்யூட் வச்சேனே."

அண்ணன் எழுந்து நின்றான். "இருக்கு சார்."

"அதுக்கப்புறம் என்னை ரெஜிமெண்டே வருஷக்கணக்கா ஓட்டுச்சு. பொணத்துக்கு சல்யூட் வச்சவன்னு. இப்ப அதிகாரிங்க பதவி எல்லாம் என் மேஜைக்குத்தான் வருது. உங்க பேரு வந்துச்சு. பூட்ஸ் சமாச்சாரமும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஓய்வோட சேத்துப் பதவி உயர்வு போட்டிருக்கு. நாளைக்குக் காலையிலேருந்து நீங்க ஜெனரல். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஓய்வு."

"ஒரே நாளா?" என்று குறுக்கே கேட்டாள் அண்ணி.

"ஒரே நாள்தான்மா. ஆனா நான் அன்னைக்கு வச்ச சல்யூட் இனிமே தப்பில்லயே."

அண்ணன் மறுமுனைக்குக் கேட்காத குரலில் "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அண்ணி அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "ஒரு வாரம் இருக்குன்னு சொன்னேனா இல்லையா? உளியை எடுத்திருந்தா?"

தைக்க நேரம் இல்லாததால், கர்னல் கோட்டில் இரவல் வாங்கிய ஜெனரல் தோள்பட்டைச் சின்னத்தை ஊசிபோட்டுக் குத்திக்கொண்டு போனான். அந்த நாளில் அவன் ஜெனரலாகப் பிறப்பித்தது ஒரே உத்தரவு, அதுவும் ஓட்டுநருக்கு: "யாசிகோவோவுக்கு விடு." மலை ஏறி, காரை விட்டு இறங்கி, சட்டை காலரைச் சரிசெய்துகொண்டு கல்லுக்கு முன்னால் நின்றான். வார்த்தையைப் படித்தான். தோளைப் பார்த்தான், தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எல்லாம் சரி. பிறகு கண் தொப்பிக்குப் போனது.

"விதா!"

"என்ன?"

"தொப்பியில நட்சத்திரம்."

"ஆமா."

"அந்த நட்சத்திரம் வச்ச பட்டாளமே இப்ப இல்ல. நான் இந்தப் பட்டாளத்துல ஜெனரல். கல்லுல அந்தப் பட்டாளத்துல ஜெனரல். மறுபடி பொய்!"

"இந்தா பாருங்க," என்றாள் அண்ணி. "வார்த்தைக்கு நான் பொறுப்பு. அது நடந்துடுச்சு. தொப்பிக்கு நான் பொறுப்பில்ல. நாட்டை மாத்துனது நானா?"

ஓட்டுநர் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். ஜெனரல் அதைப் பார்த்தும் தண்டிக்கவில்லை.

ஓய்வுக் காலம் முழுக்க அந்த நட்சத்திரம்தான் பேச்சு. ஒரு வாரம் "சுரண்டிடணும்" என்பான். மறு வாரம், "அதுக்குக் கீழதானே நான் அதிக வருஷம் இருந்தேன்" என்பான். மிலுன் உளியை எடுத்துக்கொண்டு வருவார், சாராயம் குடிப்பார், இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள், உளியை எடுத்துக்கொண்டு போவார். இந்த ஆகஸ்டில் ஒருநாள் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், மிலுனும் உட்கார்ந்துவிட்டார். ஒரு முனையைச் சுரண்டினார். இரண்டாவது முனையைச் சுரண்டினார். முதுகு வலிக்கிறது என்று நிமிர்ந்தபோது அண்ணன் கையைக் காட்டினான்.

"நிறுத்து."

"இப்ப என்னடா?"

"எனக்குக் கோட்டு குடுத்தது அந்த நட்சத்திரம்தானே?"

"முப்பது முனை இருந்தாலும் நீ இப்படித்தான் பண்ணுவ" என்று மிலுன் உளியைப் புல்லில் எறிந்தார். "சனிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணி வை. சுரண்டணுமா, சுரண்டினதைத் திரும்பச் செதுக்கணுமா, ஒண்ணு சொல்லு." அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை வந்தாலும் அண்ணன் "அடுத்த சனிக்கிழமை" என்றான்.

அடக்கத்துக்கு ராணுவத்திலிருந்து பையன்கள் வந்தார்கள், துப்பாக்கி வெடித்தார்கள். மின்கம்பங்களில் ஒட்டிய சாவு அறிவிப்பில் ஜெனரல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சுட்ட மிளகாயை அரைத்து ஒரு ஜாடி எடுத்துப் போயிருந்தேன். அண்ணி அதைக் கல்லறைமேல் விரித்த துணியில் வைத்து, ரொட்டியில் தடவி முதல் துண்டை அவன் பக்கமாக வைத்தாள். பிறகு பையன்களின் காலைக் குனிந்து பார்த்தாள். எல்லார் காலிலும் நல்ல பூட்ஸ்.

மிலுன் மண்டியிட்டு, அண்ணனின் பிறந்த ஆண்டுக்குப் பிறகு இருந்த காலி இடத்தில் இறந்த ஆண்டைச் செதுக்கினார். முடித்துவிட்டு உளியைத் தொப்பிப் பக்கம் கொண்டுபோய், அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கற?" என்றாள் அண்ணி. "அவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

நட்சத்திரத்தில் இன்னும் மூன்று முனை இருக்கிறது.